கடலில் காற்று ஏறினால்: ஃபைபர் படகுக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏழு, எட்டு மீட்டர் ஃபைபர் படகு, அவுட்போர்டு (பின்பலகையில் மாட்டும்) அல்லது லாங்டெயில் (நீண்ட தண்டின் முனையில் புரொப்பெல்லர் உள்ள) எஞ்சின், மூன்று நான்கு பேர், விடியலுக்கு முன் இறங்கி மதியத்துக்குள் திரும்பும் தொழில். சோழமண்டலக் கரையில் இப்படிப் போகிறவர்களுக்காக, குறிப்பாகப் புதிதாகப் போகத் தொடங்கியவர்களுக்காக எழுதுகிறேன். பெரிய விசைப்படகுக்கும் ஆழ்கடலில் பல நாள் தங்கும் தொழிலுக்கும் கணக்கு வேறு.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காற்று ஏறியதும் புதியவர்கள் எல்லாருக்கும் தோன்றுவது "கரைக்கு ஓடு" என்பதுதான். ஆனால் இந்த அளவுப் படகுக்கு ஆபத்து மிகுந்த இடம் அலை முறியும் கடைசி இருநூறு மீட்டர். அந்த இடத்தை எப்போது, எந்த நிலையில் கடப்பது என்பதை ஒட்டியே கீழே உள்ள வரிசை அமைந்திருக்கிறது.

1. முன்னறிவிப்பைச் சரியாகப் படியுங்கள்

முந்தைய நாள் மாலையிலும் கிளம்பும் முன்பும் இரண்டு இடங்களைப் பாருங்கள். காற்றுக்கும் மழைக்கும் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கை. அலைக்கு ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் அறிவிப்பு. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதை விடுவது பொதுவான தவறு. கரையில் இலை அசையாத நாளிலும், தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழுந்த நெட்டலை (தொலைவிலிருந்து பயணித்து வரும் நீண்ட அலை) நம் கரைக்கு வந்து சேரலாம். கன்னியாகுமரி, தூத்துக்குடிப் பக்கம் கள்ளக்கடல் என்று எச்சரிப்பது இதைத்தான். காற்றை மட்டும் பார்த்தவருக்கு இது தெரியாது.

"மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையே 65 கிலோமீட்டர்" என்று அறிவிப்பு வந்தால் 65 என்ற எண்ணை வைத்து முடிவு செய்யுங்கள். படகைப் புரட்டுவது சராசரிக் காற்றன்று, இடையில் வரும் அந்த வீச்சு. காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

அலை உயரத்திலும் இதே கவனம் வேண்டும். அறிவிப்பில் சொல்லப்படும் உயரம், வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. தனி அலை ஏறக்குறைய அதன் இரு மடங்கு வரை எழலாம். 2 மீட்டர் என்று போட்டிருந்தால், நாள் முழுவதும் கடலில் இருப்பவர் மூன்றரை மீட்டர் அலை ஒன்றையாவது எதிர்பார்க்க வேண்டும்.

துறைமுகக் கூண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1-ஆம் எண் கூண்டு என்றால் தொலைவில் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது என்று பொருள். 3-ஆம் எண் உங்கள் துறைமுகத்திலேயே சூறைக்காற்று வீசக்கூடும் என்பதைச் சொல்கிறது. "மூன்றுதானே, பத்து வரை இருக்கிறதே" என்று படகை இறக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். நமது அளவுப் படகுக்கு மூன்றே போதும், வீட்டில் இருக்கலாம்.

2. படகில் எது, எங்கே

பொருள்களின் பட்டியல் எல்லோருக்கும் தெரியும். தவறு நடப்பது அவற்றை வைக்கும் இடத்தில்தான். லைஃப் ஜாக்கெட் அணியத்து (படகின் முன்முனை) அறையில் வலைக்கு அடியில் கிடந்தால், தேவைப்படும் நேரத்தில் அதை எடுக்க முடியாது. காற்றில் ஆடும் படகில் அணியம் வரை தவழ்ந்து போவதே கைக்கும் காலுக்கும் சோதனை. உட்காரும் இடத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சில் கட்டி வையுங்கள்.

எரிபொருளைப் போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்றில் திரும்பி வரும்போது, போனதைவிட இரு மடங்கு குடித்தாலும் வியப்பில்லை. கேனின் அடியில் தங்கும் தண்ணீர்தான் நடுக்கடலில் எஞ்சினை நிறுத்தும் முதல் குற்றவாளி. அமைதியான கடலில் அது அடியிலேயே படிந்து கிடக்கும். படகு குலுங்கியதும் கலந்து எஞ்சினுக்குப் போகும். அதனால்தான் மோசமான வானிலையும் எஞ்சின் கோளாறும் சேர்ந்தே வருகின்றன. கேனை மாதம் ஒருமுறையாவது முழுக்கக் காலி செய்து காயவையுங்கள்.

நங்கூரக் கயிறு பத்து மீட்டர் ஆழத்துக்குப் பதினைந்து மீட்டர் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அமைதியான நாளில் போதும். கொந்தளிப்பில் ஆழத்தைப் போல ஐந்திலிருந்து ஏழு மடங்கு கயிறு வேண்டும். கயிறு குட்டையாக இருந்தால் ஒவ்வொரு அலையும் நங்கூரத்தை மேல்நோக்கிப் பிடுங்கும். நீளமாக இருந்தால் தரையோடு கிடையாக இழுக்கும், பிடி விடாது.

இவற்றுடன் தண்ணீர் இறைக்க இரண்டு வாளி, கைப்பிடியில் கயிறு கட்டி. கயிறு இல்லாத வாளி முதல் பெரிய அலையோடு போய்விடும். உதிரி ஸ்பார்க் பிளக், அதைக் கழற்றும் ஸ்பேனர், கூர்மையான கத்தி, டார்ச் விளக்கு, குடிநீர். விஎச்எஃப் கருவியும் (கடலில் பேசும் ரேடியோ) கைபேசியும் நீர் புகாத பையில்.

3. கரையில் ஒருவருக்குச் சொல்லுங்கள்

எங்கே போகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், எத்தனை மணி வரை பார்த்துவிட்டுத் தகவல் கொடுக்க வேண்டும். கடைசிக் கேள்விக்கான பதிலை யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லாவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் "இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்றே இருட்டும் வரை காத்திருப்பார்கள். இருட்டிய பிறகு தேடுவது பல மடங்கு கடினம்.

இது இன்னொரு வகையிலும் முக்கியம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலாக உருவெடுத்தபோது கன்னியாகுமரி மாவட்டத்துப் படகுகள் பல ஏற்கெனவே கடலில் இருந்தன. கரையில் வெளியான எச்சரிக்கை அவர்களைப் போய்ச் சேரவில்லை. யார் எங்கே இருக்கிறார்கள் என்பது கரையில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

4. கடலும் வானமும் சொல்வதைக் கவனியுங்கள்

வலையை இறக்கிவிட்டால் எல்லாக் கண்களும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். ஒருவரை மட்டும் அரைமணிக்கு ஒருமுறை சுற்றிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

அலை முகட்டில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்ளை தெரிந்தால் காற்று மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். பார்க்கும் இடமெல்லாம் வெள்ளை என்றால் 25-ஐத் தொட்டுவிட்டது. முகட்டிலிருந்து நீர்த்துளிகள் பறந்து முகத்தில் அடித்தால் 40. நுரை காற்றின் திசையில் கோடு கோடாக நீண்டு கிடந்தால் 50-ஐத் தாண்டிவிட்டது. இந்த அளவுப் படகுக்கு முடிவெடுக்கும் நேரம் இரண்டாவது நிலை. மூன்றாவது நிலையில் முடிவெடுப்பவர் தாமதித்துவிட்டார்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆபத்து கிழக்கிலிருந்து வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கோடையிலும், ஜூலை முதல் செப்டம்பர் வரையிலும் பிற்பகல் இடிமழை நிலத்தில் உருவாகி மேற்கிலிருந்து கடலுக்கு வரும். பலர் ஏமாறுவது இதில்தான். மேற்கே கறுத்து வரும்போது கரையோரக் கடல் தட்டையாகவே இருக்கும், ஏனென்றால் நிலத்திலிருந்து வரும் காற்றுக்கு அங்கே அலை எழுப்பத் தூரம் போதாது. "கடல் நன்றாகத்தானே இருக்கிறது" என்று இருந்துவிட்டால், அந்தக் காற்று படகைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போகும். எஞ்சின் நின்றால் ஒவ்வொரு மணி நேரமும் கரை விலகும்.

மேகம் கறுத்திருக்கும்போது வெக்கை சட்டென்று அடங்கிக் குளிர்ந்த காற்று முகத்தில் பட்டால், மழைக்கு முன்னால் ஓடிவரும் சூறை வந்துவிட்டது என்று பொருள். இனிச் சில நிமிடங்களே உண்டு. மின்னலுக்கும் இடிக்கும் இடையே ஒன்பது விநாடி என்றால் மூன்று கிலோமீட்டர் தொலைவு. அந்த நேரத்தில் படகில் யாரும் நிற்கக் கூடாது. சுற்றிலும் தட்டையான நீர்ப்பரப்பில் உயரமாக இருப்பது நீங்கள்தான்.

5. வலையை என்ன செய்வது

இந்த முடிவில்தான் உயிர் போகிறது. கடன் வாங்கி வாங்கிய வலையை விட்டுவிட்டு வா என்று சொல்வது எளிதல்ல என்பது தெரியும். ஆனாலும் சொல்கிறேன்.

முகடெல்லாம் வெள்ளை தெரிந்ததும் வலையை இழுக்கத் தொடங்குங்கள். பாதி வருவதற்குள் காற்று ஏறிவிட்டால், மீதி வலையின் முனையில் மிதவையும் கொடியும் கட்டி, ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்துக்கொண்டு விட்டுவிடுங்கள். காற்று அடங்கியதும் தேடலாம். முடிச்சு அவிழாவிட்டால் வெட்டுங்கள். கத்தி அதற்குத்தான்.

காரணம் இது. எஞ்சின் மாட்டுவதற்காகப் படகின் பின்பலகை தாழ்வாக வெட்டப்பட்டிருக்கிறது. பின்பக்கமாக வலையை இழுக்கும்போது அதன் கனம் அந்தத் தாழ்ந்த இடத்தை இன்னும் அழுத்துகிறது, படகின் முதுகு அலையைப் பார்த்து நிற்கிறது. நான்கு வாளித் தண்ணீர் உள்ளே விழுந்தாலே வலை, மீன், ஐஸ் பெட்டி எல்லாம் நனைந்து பின்பக்கம் சரியும். அடுத்த அலைக்கு வழி இன்னும் எளிதாகும்.

வழிவலை (நீரோட்டத்தோடு மிதந்து போகும் வலை) போட்டிருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. வலையின் கயிற்றைப் பின்பக்கத்திலிருந்து எடுத்து அணியத்தில் கட்டினால், வலையே படகை அலையை நோக்கிப் பிடித்து நிறுத்தும். சிறிது நேரச் சூறைக்கு இது நல்ல உத்தி. எஞ்சினை மீண்டும் இயக்கும் முன் வலை புரொப்பெல்லர் பக்கம் வந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

6. ஓடத் தொடங்கும் முன் ஐந்து நிமிட வேலை

திரும்புவதென்று முடிவெடுத்ததும் எஞ்சினைத் திருகாதீர்கள். முதலில் எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும். நீச்சல் தெரியும் என்பவரும்தான். படகிலிருந்து விழும்போது தலையில் அடிபட்டவருக்கு நீச்சல் உதவாது.

அடுத்து, உள்ளே இருக்கும் தண்ணீர் முழுவதையும் இறைத்துவிடுங்கள். இருநூறு லிட்டர் என்றால் இருநூறு கிலோ. அதைவிட மோசம், அது ஓரிடத்தில் நிற்காது. படகு சாயும் பக்கமெல்லாம் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். பிடித்த மீனைப் பெட்டிக்குள் போட்டுக் கட்டுங்கள். ஆட்கள் பலகையில் உட்காராமல் நடுவே அடித்தட்டில் உட்காரட்டும்.

கடைசியாக, இருக்கும் இடத்தையும் திரும்பும் முடிவையும் கரைக்குச் சொல்லுங்கள். பிறகு பேசலாம் என்று தள்ளிப்போட்டால், இரண்டு கையும் எஞ்சினில் இருக்கும்போது பேச வேண்டி வரும்.

அவுட்போர்டு ஓட்டுபவர் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றைக் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் தவறி விழுந்தால் எஞ்சின் தானே நிற்கும். இல்லாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்து விழுந்தவர்மீதே வரும். லாங்டெயிலில் அந்த வசதி பெரும்பாலும் இல்லை. எஞ்சினை நிறுத்தத் தெரிந்த இன்னொருவரை அருகில் உட்கார வையுங்கள்.

7. அலையில் ஓட்டுவது

எதிரலையில் நேருக்கு நேர் மோதாமல் அணியத்தைச் சற்றே சாய்த்து ஏறுங்கள். பள்ளத்தில் வேகம் கொடுத்து, முகட்டை எட்டும் சமயத்தில் குறையுங்கள். முகட்டில் வேகமாக இருந்தால் படகு பறந்து அடுத்த பள்ளத்தில் அடித்து விழும். ஃபைபர் விரிவது அப்படித்தான். புரொப்பெல்லர் காற்றில் சுழன்று எஞ்சினும் அலறும்.

அலை பக்கவாட்டில் வரும் திசையில்தான் ஊர் இருக்கிறதென்றால் நேர்க்கோட்டில் போகாதீர்கள். கொஞ்ச தூரம் அலையை எதிர்த்துச் சாய்வாக, கொஞ்ச தூரம் அலையோடு சாய்வாக என்று வளைந்து வளைந்து போங்கள். திரும்பும் ஒவ்வொரு முறையும் சிறிய அலை வரும் இடைவெளிக்குக் காத்திருங்கள்.

பின்னாலிருந்து அலை வரும்போதுதான் புதியவர்கள் மகிழ்ந்துபோகிறார்கள், படகு தானாகவே ஓடுகிறதே என்று. அலையின் முன்சரிவில் வழுக்கி ஓடும் படகு சுக்கான் பேச்சைக் கேட்காது. அணியம் பள்ளத்தில் குத்தும், பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னே வரும், படகு குறுக்கே கிடக்கும், அடுத்த அலை கவிழ்க்கும். மூன்று நான்கு விநாடிகளில் முடிந்துவிடும். அலையின் முதுகில் இருங்கள், அதை முந்தாதீர்கள்.

பாக் நீரிணையில் தொழில் செய்கிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஆழம் குறைந்த கடல் என்பதால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும், ஒன்றை ஒன்று ஒட்டியும் வரும். மூச்சு விட இடைவெளி கிடைக்காது.

8. எஞ்சின் நின்றால்

ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பதுதான் எல்லோரும் செய்வது. அதற்குள் படகு குறுக்கே திரும்பிவிடும். முதல் வேலை அணியத்தை அலைக்கு நேராக வைப்பது, எஞ்சின் இரண்டாவது. ஆழம் குறைவு என்றால் நங்கூரம், எப்போதும் அணியத்திலிருந்து. பின்பக்கத்திலிருந்து ஒருபோதும் நங்கூரம் போடாதீர்கள்.

ஆழம் அதிகம் என்றால் மிதக்கும் இழுவை ஒன்றைப் போடுங்கள். கூடை, வாளி, சுருட்டிக் கட்டிய பழைய வலை, எது தண்ணீரைப் பிடித்து இழுக்குமோ அதை முப்பது நாற்பது மீட்டர் கயிற்றில் அணியத்திலிருந்து விடுங்கள். படகு காற்றில் பின்னோக்கி நகரும், இழுவை அணியத்தை அலைப்பக்கம் பிடித்து வைக்கும். நகரும் வேகமும் குறையும், தேடுபவர்களுக்கு அதுவும் உதவி.

பிறகு வரிசையாகப் பாருங்கள்: எரிபொருள் குழாய் மடங்கியிருக்கிறதா, கேன் மூடியின் காற்றுத்துளை திறந்திருக்கிறதா, வடிகட்டியில் தண்ணீரா, பிளக் நனைந்திருக்கிறதா, புரொப்பெல்லரில் வலை சுற்றியிருக்கிறதா. மூடித் திறப்பு போன்ற அற்பக் காரணத்துக்குப் பிளக்கை முதலில் கழற்றிக் கடலில் தவறவிட்டவர்கள் உண்டு.

9. உதவி கேட்பது

கவிழ்ந்த பிறகு கேட்க முடியாது. எஞ்சின் அரைமணி நேரத்தில் சரியாகவில்லை, அல்லது இறைக்கும் தண்ணீரைவிட வரும் தண்ணீர் அதிகம் என்றால் உடனே அழையுங்கள்.

கைபேசிக்கு அலைவரிசை கிடைத்தால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல்துறைக்கு 1093. விஎச்எஃப்பில் 16-ஆம் சேனல். ஊர்ப் படகுகள் பேசிக்கொள்ளும் சேனலில் மட்டும் கத்திக்கொண்டிருக்காதீர்கள். வழியில் போகும் சரக்குக் கப்பல் கேட்பது 16-ஐத்தான். "மேடே" (உயிராபத்து என்பதற்கான உலகப் பொது அழைப்பு) என்று மூன்று முறை, படகின் பெயர், இடம், என்ன நடந்தது, எத்தனை பேர். கப்பல்காரருக்குத் தமிழ் தெரியாது என்பதால் இடத்துக்கான எண்களை ஆங்கிலத்தில், ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள். மீன்வளத்துறை கொடுத்த டிரான்ஸ்பாண்டர் (படகின் இடத்தைக் கரைக்கு அனுப்பும் கருவி) இருந்தால் அதன் அவசரப் பொத்தானையும் அழுத்துங்கள்.

இடம் சொல்வதில் ஒரு குழப்பம் அடிக்கடி நிகழ்கிறது. ஜிபிஎஸ் திரையில் 11 பாகை (டிகிரி) 45.50 கலை (மினிட்) என்று இருப்பதை "45 கலை 50 விகலை (செகண்ட்)" என்று படிக்கிறார்கள். 45.50 என்பது 45 கலை 30 விகலை. இந்த ஒரு தவறில் அறுநூறு மீட்டருக்கு மேல் இடம் மாறிவிடும். "புள்ளி" என்ற சொல்லை விடாமல் சொன்னால் போதும்.

கையில் பிடிக்கும் சிவப்பு ஒளித்தீ ஒரு நிமிட அளவே எரியும். படகோ விமானமோ கண்ணில் பட்ட பிறகே கொளுத்துங்கள்.

10. கரை ஏறுவது, அல்லது ஏறாமல் இருப்பது

ஊர் தெரிகிறது, கரையில் ஆட்கள் கைகாட்டுகிறார்கள். இங்கே நிறுத்துங்கள். அலை முறியும் கோட்டுக்கு வெளியே, அணியத்தைக் கடல் பக்கம் வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். அலை, தன் உயரத்தைவிடச் சற்றே கூடுதலான ஆழத்துக்கு வந்ததும் முறியும். 2 மீட்டர் அலை சுமார் இரண்டரை மீட்டர் ஆழத்தில் உடையும். வழக்கமாக நீங்கள் நுழையும் இடத்துக்கு வெகு வெளியிலேயே வெள்ளை தெரிகிறதென்றால், இன்று அது உங்கள் வழக்கமான வழி இல்லை.

பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு ஓர் அமைதி வரும். கூட்டத்தின் கடைசி அலை கடந்ததும் அதன் முதுகில் ஏறி, அதே வேகத்தில், நேராக உள்ளே போங்கள். தயங்கி நடுவில் வேகத்தைக் குறைத்தால் பின்னால் வரும் அலை பிடித்துவிடும்.

பத்து நிமிடத்தில் அப்படி ஓர் அமைதி வரவே இல்லையென்றால் ஏறாதீர்கள். எரிபொருள் இருந்தால் காசிமேடு, கடலூர், பூம்புகார், நாகப்பட்டினம் என்று அருகில் உள்ள துறைமுகத்துக்கு விடுங்கள். அதற்கும் வழியில்லை என்றால், வெளியே நீண்ட கயிற்றில் நங்கூரம் போட்டுக் காத்திருங்கள். இடிமழைச் சூறை பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். புயல் நெருங்கிவரும் நாளில் இந்தக் காத்திருப்பு பொருந்தாது, அப்போது துறைமுகம் அல்லது உதவிக்கான அழைப்புதான்.

முகத்துவாரம் வழியாக நுழைபவர்கள் நீர் வெளியேறும் நேரத்தைத் தவிர்க்க வேண்டும். நம் கரையில் ஓதம் (கடல் நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) ஒரு மீட்டர் அளவுதான் என்றாலும், மழைக்காலத்தில் ஆற்று வெள்ளமும் சேர்ந்து வெளியே பாயும். உள்ளே வரும் அலை அதில் மோதிச் சுவராக எழும். தூண்டில் வளைவுக் (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவர்) கற்களுக்கு அருகே எஞ்சின் நின்றால் மேலே சொன்ன எதையும் செய்ய நேரமிருக்காது. அவற்றிலிருந்து நன்றாக விலகியே வாருங்கள்.

கரையில் நிற்பவர்களின் சைகையை நம்பி மட்டும் நுழையாதீர்கள். உங்களுக்குப் பின்னால் வரும் அலை அவர்களுக்குச் சரியாகத் தெரியாது.

11. கவிழ்ந்துவிட்டால்

முதலில் தலைகளை எண்ணுங்கள். வலைக்குள்ளோ படகின் அடியிலோ ஒருவர் சிக்கியிருக்கலாம். பிறகு படகைப் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே மிதவை நுரை உள்ள ஃபைபர் படகு கவிழ்ந்தாலும் மிதக்கும். கரை பக்கத்தில் தெரிகிறதே என்று நீந்தத் தொடங்குபவர்தான் காணாமல் போகிறார். கடலில் தூரம் ஏமாற்றும், நீரோட்டம் பக்கவாட்டில் இழுக்கும். மேலிருந்து தேடுபவர்களுக்குத் தலையைவிடப் படகு எளிதில் தெரியும்.

முடிந்தவர்கள் கவிழ்ந்த அடிப்பாகத்தின்மீது ஏறட்டும். நம் கடல் நீர் வெதுவெதுப்பானதுதான். ஆனால் இரவு முழுவதும் நீரில் கிடந்தால் உடல் சூடு இறங்கும். ஏற முடியாதவர்கள் ஒருவரையொருவர் அணைத்தபடி, கயிற்றால் இணைந்து இருங்கள். கடல்நீரைக் குடிக்க வேண்டாம், அது தாகத்தையும் தளர்ச்சியையும் கூட்டும்.

12. கரை சேர்ந்ததும்

தகவல் கொடுத்த எல்லோருக்கும் திரும்பிவிட்டதைச் சொல்லுங்கள், 1554-ஐ அழைத்திருந்தால் அங்கேயும். நீங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு கப்பல் உங்களைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. விட்டுவந்த வலையின் இடத்தை ஊர்ப் படகுகளுக்குத் தெரிவியுங்கள், பிறர் புரொப்பெல்லரில் சிக்காமல் இருக்கும். மறுநாள் வெயிலில் படகைக் கவிழ்த்து, அணியத்தின் அடியிலும் எஞ்சின் மாட்டும் பலகையிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். எரிபொருள் கேனைக் காலி செய்து காயவைக்கவும் அன்றே நேரம் ஒதுக்குங்கள்.